1:24 லாரியில் மரப்பலகை: மரத்தையே ஒட்டினாலும் மரமாகத் தெரியவில்லையே, ஏன்?

கேள்வி – தொண்டியிலிருந்து ஒரு தம்பி, 2025 மே 3

1:24 அளவில் பழைய டாடா லாரி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். பின்னால் சரக்கு ஏற்றும் பாடிக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை வரிசையாக ஒட்டி வார்னிஷ் அடித்தேன். ஒட்டியது அசல் மரம். ஆனால் படம் எடுத்துப் பார்த்தால் ஐஸ்கிரீம் குச்சியாகத்தான் தெரிகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் மெல்லிய மரத் தகடு வாங்க என்னிடம் பணம் இல்லை. மரத்தையே ஒட்டியும் மரமாகத் தெரியவில்லை என்றால் வேறு என்னதான் செய்வது அண்ணா?

மே 3, இரவு

தம்பி, குச்சியின் மேல் குற்றம் இல்லை. லாரியை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டீர்கள், மரத்தின் வரியைச் சுருக்கவில்லை. மரக்கடையில் ஒரு பலகையை எடுத்துப் பாருங்கள். வளையக் கோடுகள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும். உங்கள் லாரியில் மூன்று மி.மீ. என்பது நிஜத்தில் 72 மி.மீ., கிட்டத்தட்ட மூன்று அங்குலம். அப்படி வரி விழுந்த பலகையை எந்த ஆசாரியும் கையில் எடுத்திருக்க மாட்டார். கண் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடும்.

இன்னொன்று வார்னிஷ். சரக்கு லாரியின் உட்பக்கப் பலகைக்கு யாரும் வார்னிஷ் அடிப்பதில்லை. முதலில் அதைத் தேய்த்து எடுங்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

மே 4

அளவுகள். இதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

8 அடி அகலமும் 17 அடி நீளமும் உள்ள பாடி 1:24-இல் 102 மி.மீ. அகலமும் 216 மி.மீ. நீளமும் வரும். 6 அங்குலப் பலகை 6.3 மி.மீ. ஆக, தரைக்கு 16 பலகைகள். ஐஸ்கிரீம் குச்சி 10 மி.மீ. அகலம், அதாவது நிஜத்தில் ஒன்பதரை அங்குலப் பலகை. அதோடு 2 மி.மீ. தடிமன், நிஜத்தில் 48 மி.மீ. தரைப் பலகைக்கு இந்தத் தடிமன் பரவாயில்லை. பக்கப் பலகைக்கு இது கோட்டைக் கதவு. காபி கலக்கும் மரக்குச்சி 6 மி.மீ. அகலத்திலும் 1.3 மி.மீ. தடிமனிலும் கிடைக்கிறது. பக்கப் பலகைக்கு அதைவிடப் பொருத்தமானது நான் பார்த்ததில்லை. தீக்குச்சி 2 மி.மீ. சதுரம், நிஜத்தில் இரண்டு அங்குலச் சட்டம்.

தீக்குச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். மருந்து இருக்கும் பக்கம் நன்றாக எரிவதற்காக அந்த முனையை மெழுகில் தோய்த்திருப்பார்கள். அங்கே சாயம் ஏறாது. மருந்தை மட்டும் கிள்ளிவிட்டுப் பயன்படுத்தினால் ஒவ்வொரு சட்டத்தின் நுனியும் வெளிறி நிற்கும். பாதிக் குச்சியைத் தள்ளிவிட்டு மறுபாதியை எடுங்கள்.

பலகைக்குப் பலகை சாதாரணக் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டி, பசை இறுகும் முன் உருவிவிட்டால் மயிரிழை இடைவெளி கிடைக்கும். காகிதம் 0.1 மி.மீ., நிஜத்தில் இரண்டரை மி.மீ. சந்து. சரியாக இருக்கும்.

மே 10

இன்று மண்டபத்தில் ஒரு வேலை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஜூன் 14 வரை கடலுக்குப் போகாது. மீன் ஏற்றும் லாரிகளும் பல நிழலில் கிடக்கின்றன. ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பழைய லாரியின் மேல் ஏறி அரைமணி நேரம் பார்த்தேன். என்ன தேடுகிறீர்கள் என்றார். பலகையின் நிறம் என்றேன். தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

பார்த்ததைச் சொல்கிறேன். மரம் என்றால் பழுப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது வீட்டுக் கதவையும் கட்டிலையும் பார்த்த பழக்கம். அந்த லாரியின் உட்பக்கத்தில் பழுப்பு என்று சொல்ல ஓர் இடமும் இல்லை. வெயில் பட்ட பலகை எல்லாம் வெள்ளிச் சாம்பல். ஐஸ் தண்ணீர் ஓடி வடியும் மூலை கருத்துப் பச்சை. கேபினுக்குப் பின்னால், நிழல் விழும் ஒரு சாண் அகலத்தில் மட்டும் கொஞ்சம் தவிட்டு நிறம். சாவியால் ஓரத்தைக் கீறினேன். சாம்பலுக்கு அடியில் தேன் நிறத்தில் மரம் இருந்தது. சாம்பல் தோல் ஒரு தாள் கனம்கூட இல்லை.

காரணம் இதுதான். மர இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பொருளைச் சூரியனின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. வெளியே மிஞ்சுவது வெளிறிய நார். நம் கரையில் வெயிலுக்குக் குறைவே கிடையாது. ஆகவே வரிசை இது: அடியில் தேன் நிறம், மேலே சாம்பல், அடிபட்ட இடத்தில் மறுபடி தேன் நிறம். சாம்பலை முதலில் அடித்து அதன் மேல் பழுப்புக் கோடு இழுத்தால் எவ்வளவு உழைத்தாலும் பொய்யாகத்தான் தெரியும். நான் முதல் மூன்று வண்டிகளுக்கு அப்படித்தான் செய்தேன்.

வண்ணம் பூசுபவர்கள் மூன்று மூடிகளில் மூன்று விதச் சாம்பல் கலந்துகொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பலகை ஒரே நிறமாக இருக்கக் கூடாது. தூரிகையைத் துணியில் ஒற்றி ஏறக்குறைய உலர்த்திவிட்டு, பலகையின் நீளவாக்கில் மட்டும் இழுங்கள்.

மே 11

வண்ணமே வேண்டாம், மரத்தையே கிழடாக்க வழி உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. சமையல் வினிகரில் இரும்பு நாரைப் போட்டு இரண்டு நாள் வைத்தால் இரும்பு கரையும். அந்தத் தண்ணீரைத் தடவினால் குச்சி சாம்பலாகும். பாட்டிலை இறுக மூடாதீர்கள், வாயு வெளியேற வேண்டும்.

மே 17

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். காபிக் குச்சியில் அரைகுறையாகத்தான் சாம்பல் ஏறியது. தீக்குச்சியில் ஏறவே இல்லை, மஞ்சளாக ஏதோ படிந்தது. இரும்புத் தண்ணீர் தனியாக ஒன்றும் செய்யாது. மரத்தில் உள்ள துவர்ப்புப் பொருளான டானினோடு சேர்ந்தால்தான் அது கருக்கும். இந்தக் குச்சிகளில் துவர்ப்பு மிகக் குறைவு. அதை நாம்தான் முதலில் ஊட்ட வேண்டும்.

பலரும் கெட்டியான தேயிலைத் தண்ணீர் தடவுவார்கள். நானும் தடவினேன், நல்ல நிறம்தான். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் பத்து ரூபாய்க்குக் கடுக்காய் வாங்கித் தட்டி ஓர் இரவு ஊறவைத்த தண்ணீர் தேயிலையைத் தோற்கடித்துவிட்டது. கடுக்காய்த் தண்ணீர் தடவிக் காயவிட்டு, அதன் மேல் இரும்புத் தண்ணீரைத் தொட்டு வைத்ததும் கண் முன்னாலேயே குச்சி இருண்டது. நேராகத் தடவினால் கரிக்கட்டை. ஒரு பங்கு இரும்புத் தண்ணீருக்கு ஐந்தாறு பங்கு நீர் சேர்த்தால் நான் மண்டபத்தில் பார்த்த சாம்பல்.

சாயம் ஏற்றிய பிறகுதான் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டுச் சாயம் ஏற்றினால் ஃபெவிகால் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டாக நிற்கும். இரண்டு பக்கமும் தடவி, காய்ந்துவரும் நேரத்தில் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் குச்சி வில்லாக வளைந்துவிடும்.

மே 18

பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான நாரைப் போட்டு ஒரு வாரமாகக் காத்திருப்பதாக எழுதிய கீழக்கரை அன்பருக்கு: அது துருப்பிடிக்காத எஃகு. வினிகரில் எத்தனை நாள் கிடந்தாலும் அப்படியேதான் இருக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் மங்கலான இரும்பு நார் வேண்டும். இல்லையென்றால் துருப்பிடித்த ஆணி. நம் கரையில் துருவைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

கலம்காரித் துணியில் கருப்புக் கோடு எழுதுபவர்கள் வினிகர் இல்லாமலே இதைச் செய்கிறார்கள். வெல்லத் தண்ணீரில் துரு இரும்பைப் போட்டுப் புளிக்கவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் எழுதுகிறார்கள். கையில் கருப்பட்டி இருக்கிறது. இன்று ஒரு ஜாடியில் ஊறப்போட்டேன். மூன்று வாரம் கழித்துச் சொல்கிறேன்.

மே 25

இதை எழுதத்தான் இரண்டு நாளாகக் கை துடித்துக்கொண்டிருந்தது.

சாயல்குடிப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பனை ஓலையில் கொட்டான் முடைவார். வெட்டிப் போட்ட ஓலைத் துண்டு ஒன்று திண்ணையில் கிடந்தது, வெயிலில் வெளுத்து. கையில் எடுத்து நகத்தால் வருடினேன். நீளவாக்கில் நெருக்கமான வரிகள். சில இடத்தில் கொஞ்சம் ஆழம், சில இடத்தில் தட்டை. நடுவில் ஒரு மெல்லிய பழுப்புக் கறை. 6 மி.மீ. அகலத்துக்குக் கத்தரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். லாரிப் பலகை! மரத்தின் வரியைச் சுருக்க முடியவில்லை என்று முதல் குறிப்பில் எழுதினேன் அல்லவா? சுருக்கிய வரியோடு பனை மரத்தில் அது காய்த்துத் தொங்குகிறது.

ஓலை மெல்லியது, தனியாகப் பலகை ஆகாது. ஒரு மி.மீ. அட்டையில் இரண்டு பக்கமும் ஒட்டினேன். அதற்கு முன் ஓலையின் வழவழப்பு போக உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும், இல்லையேல் பசை உரிந்துவரும். பச்சை ஓலை வேண்டாம், காயும்போது சுருண்டுவிடும். ஏட்டுச் சுவடிக்கு ஓலை பாடம் செய்த முறையே நமக்கும் பொருந்தும். ஈர்க்கு நீக்கி, மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, பாரம் வைத்து நிமிர்த்த வேண்டும். மஞ்சள் பூச்சி அண்டாமல் காக்கும்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். வரி கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்கு மட்டும் தெரிகிறது. என்ன செய்வது என்று ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓலையில் எழுதியவர்களுக்கும் இதே சிக்கல்தானே என்று தோன்றியது. எழுத்தாணி மை ஊற்றி எழுதுவதில்லை, கீறுகிறது. கீறிய எழுத்து வெறும் ஓலையில் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தோ கோவை இலைச் சாற்றையோ ஏடு முழுவதும் தடவித் துடைப்பார்கள். மேற்பரப்பு சுத்தமாகிவிடும், கீறலுக்குள் கருப்பு தங்கிவிடும். எழுத்து எழுந்து நிற்கும்.

மாடல் செய்பவர்கள் உலகம் முழுவதும் செய்வது இதைத்தான். நீர்க்கக் கரைத்த கருவண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு மேட்டைத் துடைக்கிறார்கள். அதற்கென்று சின்னச் சின்னப் பாட்டில்களில் வண்ணம் விற்கிறார்கள். நம் ஊரில் ஏடு வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவேலை அது. அகல் விளக்கின் மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்தேன். நல்லெண்ணெயில் குழைத்தேன். தடவினேன், துடைத்தேன். அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்து, “இது எந்த மரம்?” என்று கேட்டார். அவர் மடியில் கிடந்த ஓலையைக் காட்டினேன்.

மே 29

எண்ணெய் விஷயத்தில் தவறு செய்துவிட்டேன், யாராவது செய்துபார்க்கும் முன் சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணெய் காய்வதில்லை. நான்கு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை, வீட்டுத் தூசி முழுவதும் பலகையில் ஒட்டியிருக்கிறது. ஏட்டுக்கு ஓலை நொறுங்காமல் எண்ணெய்ப் பசை இருப்பது நல்லது. நமக்கு வேண்டியது வேறு. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய் இறுகக்கூடியது. அதில் சில சொட்டு, மீதி டர்பன்டைன், அதோடு கரி. ஓர் இரவில் தொட்டால் ஒட்டாது, முழுக்க இறுகச் சில நாள் ஆகும்.

சுத்தக் கரி நிறம் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு எண்ணெய் வண்ணம் ஒரு கடுகளவு சேர்த்தால் தணிகிறது.

ஜூன் 1

ஓலை கிடைக்காத ஊரில் இருக்கிறேன், பிளாஸ்டிக் பாடிதான் கையில் இருக்கிறது என்று எழுதியிருப்பவருக்கு.

கீறுங்கள். ஓலை சொன்ன பாடம் பிளாஸ்டிக்குக்கும் அப்படியே செல்லும். ஹேக்சா பிளேடு உடைந்த துண்டு போதும். பல் பக்கத்தைச் சாய்த்து வைத்து நீளவாக்கில் இழுக்க வேண்டும். அங்குலத்துக்கு 32 பல் உள்ளது கிடைத்தால் நல்லது, 24 பல் கொஞ்சம் முரடு. நேர்கோடாக இழுக்காதீர்கள். மணிக்கட்டைச் சற்றே தளர்த்தினால் கோடு தானாக நெளியும். பிறகு மெல்லிய உப்புத்தாளால் பிசிறை நீக்கிவிட்டு, தேன் நிறம் அடித்து உலர்த்தி, மேலே சொன்ன கரி எண்ணெயைத் தடவித் துடையுங்கள். கடைசியில் சாம்பல், உலர்ந்த தூரிகையால்.

தகடு வாங்கக் காசு வேண்டாம். பெயர்ப்பலகைக் கடையில் வெட்டித் தள்ளும் ஃபோம் போர்டுத் துண்டுகளைக் கேளுங்கள், கொடுத்துவிடுவார்கள். கம்பித் தூரிகையால் ஒரு முறை இழுத்தாலே வரி விழுந்துவிடும். உணவு டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன், பசை பிடிக்கும், கீறலும் நன்றாக விழும். 5 என்றால் பாலிப்ரோப்பிலீன், சாதாரணப் பசை எதுவும் நிற்காது, விட்டுவிடுங்கள்.

கணு வேண்டுமா என்று கேட்டீர்கள். 16 பலகையில் இரண்டு போதும். ஓலையில் நான் சூடான ஊசி முனையால் ஒரு புள்ளி தொட்டு, சுற்றியுள்ள வரியை அதை ஒட்டி வளைத்துக் கீறுகிறேன். கணு அதிகமானால் பலகை அம்மைத் தழும்பு போல ஆகிவிடும்.

ஜூன் 6

ஆணிக்குக் கீழே செந்துருக் கோடு இழுத்த படங்கள் இரண்டு மூன்று பார்த்தேன். வேலை நேர்த்தி. ஆனால் பூச்சு இல்லாத பலகையில் ஆணியைச் சுற்றி வருவது சிவப்பு அல்ல, கருப்பு. கடுக்காய்க் குறிப்பில் எழுதியதேதான்: இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் கருநீலம் கலந்த கருப்பு. ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் ஒரு கருவளையம், கீழ்நோக்கி மெல்லிய ஒழுக்கு. செந்துரு வருவது பெயின்ட் அடித்த வெளிப்பக்கத்தில், பெயின்டுக்கு மேல் வழியும்போது.

அப்படியானால் வளையத்தை வரைய வேண்டியதே இல்லை. கடுக்காய் ஊட்டிய குச்சியில் துரு ஊசியின் நுனியை ஈரமாக வைத்து ஓர் இரவு விட்டேன். காலையில் எடுத்தால் அசல் கருவளையம். போல்ட் தலைக்கு ஃபெவிகாலைப் பல்குச்சி நுனியில் தொட்டுப் புள்ளி வைக்கிறேன். 0.8 மி.மீ. அளவு, நிஜத்தில் 20 மி.மீ. குண்டூசித் தலை இதைவிடப் பெரிது.

ஜூன் 8

கருப்பட்டி ஜாடி திறந்தாயிற்று. நாற்றம் தாங்கவில்லை, மனைவி ஜாடியை மாடிக்கு அனுப்பிவிட்டார். ஆனால் நிறம்! வினிகர் தரும் சாம்பலைவிடக் கொஞ்சம் கதகதப்பான கருப்பு, குச்சியின் நாருக்குள் ஆழமாக இறங்குகிறது. அவசரம் உள்ளவர்களுக்கு வினிகர், பொறுமை உள்ளவர்களுக்குக் கருப்பட்டி.

கச்சான் காற்று வலுத்துவிட்டது. மொட்டைமாடியில் எதையும் உலர்த்தாதீர்கள். ஈரப் பூச்சில் மணல் ஒட்டினால் 1:24-இல் ஒவ்வொரு மணலும் கூழாங்கல்.

ஜூன் 15

எந்தச் சரக்கு ஏற்றிய லாரி என்று முடிவு செய்துவிட்டுப் பலகைக்கு நிறம் கொடுங்கள். நம் கரையில் மூன்று வகை எளிதாகப் பார்க்கலாம்.

மீன் லாரியைப் பற்றி எழுதிவிட்டேன். உப்பு லாரிக்கு வாலிநோக்கம் சாலையில் நின்று பாருங்கள். பலகைச் சந்துகளில் வெள்ளை, இரும்பு முழுவதும் அரிப்பு. ஒரு வண்டிக்கு நான் உண்மையான உப்பையே சந்துகளில் தூவினேன். வாடைக்காற்றுக் காலத்தில் உப்பு ஈரம் இழுத்துக் கசிந்து, ஓலையை அட்டையிலிருந்து உரித்துவிட்டது. சாக்பீஸ் தூள்தான் சரி. உப்புக்கு வேறு வேலை உண்டு. வெளிப்பக்கப் பெயின்ட் உதிர்ந்தது போலக் காட்ட, சாம்பல் பலகையை ஈரமாக்கித் தூளுப்பைத் தூவி, உலர்ந்ததும் மேலே பெயின்ட் அடித்து, பிறகு உப்பைத் தேய்த்து எடுங்கள். உப்பு இருந்த இடத்தில் மரம் எட்டிப் பார்க்கும். கல்லுப்பு வேண்டாம். 2 மி.மீ. கல் என்றால் நிஜத்தில் கையளவில் பாதிக்குப் பெயின்ட் போயிருக்கும்.

மூன்றாவது கரி லாரி. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி வட்டாரத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரி. என் அப்பா பல வருடம் அந்த லாரி ஓட்டினார், சாயல்குடியிலிருந்து தூத்துக்குடிக்கு. விடுமுறை நாளில் நானும் போவேன். தார்ப்பாய் மேல் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி வருவேன், இறங்கினால் என் முதுகில் பலகை வரி அச்சாகியிருக்கும். நான் இவ்வளவு நாளாகச் செய்துகொண்டிருப்பது அந்த வண்டியைத்தான். இதுவரை இங்கே சொல்லவில்லை.

கரி லாரிக்குக் கருப்பு வண்ணம் பூசாதீர்கள். மூட்டத்துக் கரியை அம்மியில் அரைத்து மெல்லிய துணியில் சலித்தால் அதைவிடத் தகுந்த தூள் உலகத்தில் இல்லை. சாம்பல் பலகையில் உலர்ந்த தூரிகையால் தேய்த்துவிட்டு ஊதிவிடுங்கள். வரிக்குள் தங்குவது தங்கட்டும்.

ஜூன் 22

கயிற்றுத் தடம். இதை எந்த மாடலிலும் நான் பார்த்ததில்லை, எல்லா நிஜ லாரியிலும் பார்த்திருக்கிறேன். தார்ப்பாய் கட்டும் கயிறு பக்கப் பலகையின் மேல் விளிம்பில் எப்போதும் ஒரே இடத்தில்தான் இறுகும். வருடக்கணக்கில் இழுத்து இழுத்து விளிம்பில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். பலகை முழுவதும் சொரசொரப்பு, அந்தப் பள்ளம் மட்டும் வழவழவென்று மின்னும். சின்ன வயதில் அதில் விரலை வைத்துக்கொண்டுதான் தூங்குவேன்.

அரம் வைத்து அறுத்துப் பார்த்தேன், அறுத்த மாதிரியே இருந்தது. பிறகு லாரி செய்ததையே செய்தேன். தையல் நூலில் பாத்திரம் துலக்கும் தூளை ஈரமாகத் தடவி, விளிம்பில் மாட்டி, முன்னும் பின்னுமாக இழுத்தேன். ஒரு பள்ளத்துக்கு ஏறக்குறைய இருநூறு இழுப்பு. மேல் பலகைக்கு மட்டும் ஓலை ஒட்டிய அட்டை சரிவராது, பிய்ந்துவிடும். அங்கே காபிக் குச்சிதான் போட்டேன். ஆகவே ஓலையைக் கண்ட வேகத்தில் மரத்தை ஒதுக்கியதைத் திரும்பப் பெறுகிறேன் தம்பி. பார்ப்பதற்கு ஓலை. தேய்வதற்கும் உடைவதற்கும் மரம்தான்.

ஜூன் 29

நேற்று வண்டியை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு இப்போது கண் மங்கல், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலால் தடவினார். மேல் விளிம்பில் கயிற்றுப் பள்ளம் தட்டுப்பட்டதும் விரல் நின்றது. பக்கத்துப் பள்ளத்துக்குப் போனது, அதற்கடுத்ததற்கு. “கடைசிக் கயிறு இன்னும் பின்னால் வரும், கதவுச் சங்கிலிக்கு மேலே” என்றார். பிறகு உள்ளே தரையைத் தடவினார்.

“நடுவில் தேய்த்திருக்கிறாய். கரி லாரியில் நடு தேயாது. மூட்டையை எல்லாம் பின்னால் இழுத்துவந்துதான் முதுகில் ஏற்றுவார்கள். பின்பக்கம் இரண்டு அடிக்குப் பலகை குழிந்திருக்கும், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும்” என்றார்.

இரண்டு அடி என்றால் 25 மி.மீ. இன்று காலை 16 பலகையின் பின்முனையையும் நனைத்துப் பெயர்த்துவிட்டேன். குழிய வேண்டும் என்பதால் ஓலை உதவாது. ஐஸ்கிரீம் குச்சியை 6.3 மி.மீ. அகலத்துக்குச் சீவி, சாயம் ஏற்றும் முன் ஸ்பூனின் முதுகால் அழுத்திக் குழித்துப் பார்க்கிறேன். தொண்டித் தம்பி, உங்கள் குச்சிகளைப் பெயர்த்து எடுத்திருந்தால் எறிந்துவிடாதீர்கள். உங்கள் வண்டி என்ன சரக்கு ஏற்றியது என்று மட்டும் எழுதுங்கள்.